திருத்தணிப் படிகளிலிருந்து கங்கோத்ரிப் பனியாறு வரை

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்ட மலர்க்குழு நண்பர் ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டார். "ஹாஸ்டல் நினைவு, மெஸ் சாம்பார், ராகிங் இதெல்லாம் எழுத பத்துப் பேர் இருக்காங்கப்பா. நீ இமயமலைப் பக்கம் போய் வந்தியே, பனி மேல நடந்தேன்னு சொன்னியே, அதை எழுது" என்றார்.

வெறும் பயணக் கதை எழுத எனக்குக் கொஞ்சம் தயக்கம். போனேன், பார்த்தேன், குளிரில் நடுங்கினேன், வந்தேன் என்று நாலு பக்கம் எழுதலாம். படிக்கிறவர்களுக்கு அதில் என்ன கிடைக்கும்? ஆகவே நான் நடந்த பாதையின் வரலாற்றைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். குறிப்பாக, பனியாற்றின் மேல் மற்றவர்களைக் கைபிடித்து அழைத்துப் போன வழிகாட்டிகளின் வரலாறு. நம் பாடப் புத்தகங்களில் அவர்கள் பெயர் வருவதில்லை. அவர்கள் இல்லாமல் அந்தப் புத்தகங்களில் உள்ள வரைபடங்களும் வந்திருக்காது.

திருத்தணிக்காரனுக்கும் பனியாற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் நம் கல்லூரி வளாகத்தில் வெறுங்காலோடு நடந்து பார்த்தவர்கள் கட்டாயம் கேட்பார்கள்! சம்பந்தம் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

பனியாறு என்பது என்ன?

உயர்ந்த மலைகளில் ஒரு குளிர்காலத்தில் விழுந்த பனி கோடையில் முழுவதும் உருகிப் போவதில்லை. அதன் மேல் அடுத்த ஆண்டின் பனி, அதற்கு மேல் அதற்கடுத்த ஆண்டின் பனி. இப்படி அடுக்கு ஏற ஏற, அடியில் இருப்பது அழுத்தத்தால் காற்றை இழந்து கெட்டிப்பட்டுப் பனிக்கட்டியாகிறது. போதுமான கனம் சேர்ந்ததும் அது தன் பாரத்தாலேயே சரிவில் மெல்ல நகரத் தொடங்குகிறது. அப்படி நகர்கிற பனிக்கட்டிதான் பனியாறு. நகராவிட்டால் அது பனியாறு ஆகாது, வெறும் பனித்திட்டுதான்.

கீழ்ப்பகுதி அழுத்தத்தில் களிமண் மாதிரி வளைந்து கொடுக்கும். மேல்பகுதிக்கு அந்தக் குணம் கிடையாது. வளைவிலும் சரிவிலும் விரிசல் விட்டுப் பிளந்துவிடும். இந்தப் பனிப்பிளவுகள் சில இடங்களில் பத்து மாடிக் கட்டட ஆழம் இருக்கும். புதுப்பனி விழுந்து வாய் மூடிக்கொண்டால் பிளவு இருப்பதே தெரியாது. பார்த்தால் சமதரை, காலை வைத்தால் பாதாளம்! வழிகாட்டி என்ற தொழில் பிறந்ததே இதனால்தான்.

நமக்குப் பனியாறு முற்றிலும் அந்நியம் என்றும் சொல்ல முடியாது. 1856-ஆம் ஆண்டு ஒடிஷாவின் தால்சேர் பகுதியில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த பிளான்ஃபோர்டு சகோதரர்கள் மண்ணோடு கலந்து கிடந்த பெரிய உருண்டைக் கற்களைப் பார்த்தார்கள். ஓடுகிற தண்ணீரால் இவ்வளவு பெரிய கற்களை இப்படிக் கலந்து போட்டிருக்க முடியாது, பனிக்கட்டிதான் சுமந்து வந்திருக்க வேண்டும் என்று சொன்னார்கள். வெயிலில் காயும் ஒடிஷாவில் பனிக்கட்டியா என்று அன்றைக்கு ஆச்சரியப்பட்டார்கள். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியா தென் துருவத்தை ஒட்டி இருந்தது என்பது பிற்காலத்தில் தெளிவானது.

பெரும்பாக்கத்திலிருந்து இமயம் வரை

எல்லைப் பகுதியில் பிறந்தவர்களுக்கு சர்வே என்றால் என்ன என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கோடு எங்கே விழுகிறது என்பதற்காக நம் முன்னோர் போராடினார்கள், சிறை சென்றார்கள். ம.பொ.சி. முதலானோர் நடத்திய வடக்கெல்லைப் போராட்டமும், பிறகு வந்த படாஸ்கர் ஏற்பாடும், 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்ததும் நம் ஊர்ப் பெரியவர்கள் வாய்வழியாகவே நமக்குத் தெரிந்த சங்கதிகள்.

அந்த சர்வே கலையின் மிகப் பெரிய கதை நம் பக்கத்திலிருந்துதான் தொடங்குகிறது. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் என்ற ராணுவ அதிகாரி சென்னைப் பரங்கிமலை அருகே 100 அடி எஃகுச் சங்கிலியைத் தரையில் நீட்டினார். பரங்கிமலையிலிருந்து பெரும்பாக்கம் வரை சுமார் ஏழரை மைல். அதை அளக்க 57 நாட்கள் ஆயின. (இன்று அதே பெரும்பாக்கத்தில் பிளாட் வாங்கிக் குடியிருக்கிற நம் முன்னாள் மாணவர்கள் எத்தனை பேர்!) அந்த ஒரு கோட்டை அடிப்படையாக வைத்து முக்கோணம் மேல் முக்கோணமாகப் போட்டுக்கொண்டே போனார்கள். லாம்டன் 1823-இல் வேலை நடுவிலேயே இறந்து போனார். பின்னால் வந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1841 வாக்கில் அந்த நீண்ட கோட்டை டேராடூன் பக்கம் கொண்டு சேர்த்தார். 1852-இல் ராதாநாத் சிக்தார் கணக்குப் போட்டு, பதினைந்தாம் எண் சிகரம்தான் உலகில் உயர்ந்தது என்று காட்டினார்.

கணக்குப் போட்டவர் பெயரும் அதிகாரி பெயரும் நமக்குத் தெரியும். அந்தக் கருவிகளை மலை மேல் தூக்கிக்கொண்டு போனவர்கள் யார்? கலாசிகள் என்று அழைக்கப்பட்ட கூலித் தொழிலாளர்கள். 1860-ஆம் ஆண்டு, இன்றைய ஹிமாச்சலப் பிரதேசத்து ஸ்பிதி பகுதியில் உள்ள ஷில்லா என்ற சிகரத்தில் ஒரு கலாசி சர்வே கம்பத்தைக் கொண்டுபோய் நட்டார் என்று பதிவு இருக்கிறது. அந்தச் சிகரம் 7,000 மீட்டருக்கு மேல் என்று அப்போது கணக்கிட்டிருந்ததால், மனிதன் ஏறிய அதிக உயரம் அதுதான் என்று பல காலம் பேசப்பட்டது. பின்னாளில் அளந்தபோது 6,132 மீட்டர் என்று வந்தது. சரி, உயரம் குறைந்தது. ஆனாலும் இன்றைய பூட்ஸ், ஜாக்கெட் எதுவும் இல்லாமல் அந்த உயரம் ஏறிய மனிதரின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

மலக் சிங், நைன் சிங்

கங்கை பிறக்கிற கோமுகத்துக்குச் சாதுக்களும் யாத்ரீகர்களும் நெடுங்காலமாகப் போய் வந்தார்கள். 1817-இல் ஹாட்சன், ஹெர்பர்ட் என்ற இரு சர்வே அதிகாரிகள் அங்கே சென்று பனிச்சுவரை அளந்து எழுதினார்கள். வரைபடத்தில் கோமுகம் ஏறியது அப்போதுதான்.

குமாவுன் பகுதியில் இருக்கிறது பிண்டாரி பனியாறு. அதன் தலைமாட்டில் உள்ள கணவாயைத் தாண்டினால் அந்தப் பக்கம் மிலம் பள்ளத்தாக்கு. 1830-இல் குமாவுன் கமிஷனர் டிரெயில் இதைக் கடந்தார். அவருக்கு வழிகாட்டியாக முன்னால் நடந்தவர் சூபி கிராமத்து மலக் சிங். கணவாய்க்கு இன்றும் பெயர் டிரெயில் கணவாய். மலக் சிங் பெயரில் கணவாய் இல்லை. ஆனால் அந்தப் பகுதி மக்கள் அவரை மறக்கவில்லை. பிண்டாரி பக்கம் போகிறவர்களுக்கு அவர் கதையை இன்றும் சொல்கிறார்கள்.

இன்னொருவர் நைன் சிங் ராவத். மிலம் பனியாற்றை ஒட்டிய கிராமத்தில் பிறந்தவர். 1855-இல் ஷ்லாகின்ட்வைட் என்ற ஜெர்மன் சகோதரர்களோடு துணையாளாகக் கிளம்பியவர், அவர்களிடமே கருவிகளைக் கையாளக் கற்றுக்கொண்டார். பிறகு டேராடூனில் சர்வே பயிற்சி. வெள்ளைக்காரர்கள் நுழைய முடியாத திபெத்துக்குள் யாத்ரீகர் வேடத்தில் 1866-இல் லாசா வரை போனார். நூறு அடி நடந்தால் ஒரு ஜெபமணியைத் தள்ளுவார். வழக்கமாக 108 மணி இருக்கும் மாலையில் இவர் மாலைக்கு 100 மணிதான், கணக்குச் சுலபமாக வர வேண்டும் என்பதற்காக! ஒரு மைலுக்கு 2,000 அடி வைக்கிற மாதிரி நடையைப் பழக்கி வைத்திருந்தார். லண்டன் ராயல் புவியியல் கழகம் 1877-இல் அவருக்குத் தங்கப் பதக்கம் கொடுத்தது. வழிகாட்டியாக வந்தவர் சர்வேயராக உயர்ந்த அபூர்வமான வரலாறு இது.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும். தணிகை மலைக்கு 365 படி. 1917 டிசம்பர் 31 இரவு வள்ளிமலை சுவாமிகள் தொடங்கி வைத்த படித்திருவிழாவில் படிக்கொரு திருப்புகழ் என்று பாடிக்கொண்டே ஏறுகிறார்கள் அல்லவா? எண்ணிக்கொண்டே ஏறுவது பக்தர்களுக்கும் சர்வேயர்களுக்கும் பொதுவான பழக்கம்!

ஆல்ப்ஸ் சொன்ன பாடம்

வழிகாட்டி என்பதை முறையான தொழிலாக்கியது ஐரோப்பா. அதற்குக் காரணம் ஒரு விபத்து. 1820 ஆகஸ்டில் ஹாமெல் என்ற அறிஞர் மோன் பிளாங் மலை ஏறக் கிளம்பினார். வானிலை சரியில்லை, திரும்பிவிடலாம் என்று வழிகாட்டிகள் தயங்கியும் பயணம் தொடர்ந்தது. பனிச்சரிவு வந்து மூன்று வழிகாட்டிகளைப் பிளவுக்குள் தள்ளிவிட்டது. ஹாமெல் பிழைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே, 1821-இல், ஷாமொனி ஊரில் வழிகாட்டிகள் தங்களுக்கென ஒரு சங்கம் அமைத்தார்கள். இறந்தவர் குடும்பங்களுக்கு உதவி நிதி, முறை வைத்து வேலை, தகுதி பார்த்துச் சேர்ப்பது என்று விதிகள் வைத்தார்கள். அந்தச் சங்கம் இருநூறு ஆண்டுகளைக் கடந்து இன்றும் நடக்கிறது.

கதை அதோடு முடியவில்லை. ஜேம்ஸ் ஃபோர்ப்ஸ் என்ற ஸ்காட்லாந்து இயற்பியல் பேராசிரியர் பனியாறுகள் ஆண்டுக்கு எவ்வளவு நகர்கின்றன என்று அளந்தவர். மேலே விழுந்தவர்களின் உடல்கள் சுமார் 40 ஆண்டுகளில் பனியாற்றின் அடிவாரத்தில் வெளிப்படும் என்று கணித்தார். 1861-இல், சரியாக 41-ஆம் ஆண்டு, பொஸோன் பனியாற்றின் கீழ்முனையில் எலும்புகளும், துணிகளும், கருவிகளும் ஒவ்வொன்றாக வெளிவந்தன! அன்று உயிர் தப்பிய வழிகாட்டிகளில் ஒருவர் முதியவராக இருந்து அவற்றை அடையாளம் காட்டினார். பனியாறு நகர்கிறது என்பதற்கு இதைவிட மனதை உலுக்குகிற சான்று கிடையாது.

பாறையில் போட்ட குறி

1906-இல் காட்டர், பிரவுன் என்ற இரு புவியியலாளர்கள் குமாவுன் பகுதிக்குப் போனார்கள். பிண்டாரி, மிலம் உள்ளிட்ட பனியாறுகளின் முனை எங்கே நிற்கிறது என்று அளந்து குறித்து வைத்தார்கள். பின்னால் வருகிறவன் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். 1935-இல் ஜான் ஆடன் கங்கோத்ரிப் பனியாற்றின் முனையை வரைபடமாக்கினார். (ஆங்கிலக் கவிஞர் ஆடனின் அண்ணன் இவர்.)

அந்தப் பழைய குறிகளின் அருமை இன்றுதான் தெரிகிறது. 1935-இலிருந்து 1996 வரையான 61 ஆண்டுகளில் கங்கோத்ரியின் முனை ஒரு கிலோமீட்டருக்கும் மேல் பின்வாங்கிவிட்டது. சராசரியாக ஆண்டுக்கு 19 மீட்டர். பின்வாங்குவது என்றால் பனியாறு ரிவர்ஸில் போகிறது என்று அர்த்தமில்லை. அது எப்போதும் கீழ்நோக்கித்தான் நகர்கிறது. மேலிருந்து வருகிற பனியைவிட முனையில் உருகுவது அதிகமாக இருப்பதால் முனை மேலே மேலே போகிறது. வரவுக்கு மீறிய செலவு, அவ்வளவுதான்.

நான் கங்கோத்ரியிலிருந்து கோமுகம் வரை நடந்தேன். சுமார் 18 கிலோமீட்டர். முதல் நாள் சீர்பாசா வழியாக போஜ்பாசா வரை 14, மறுநாள் மீதி. இது தேசியப் பூங்காவுக்குள் வருவதால் வனத்துறை அனுமதி வேண்டும். நாளொன்றுக்கு 150 பேர் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் உத்தரகாசி மாவட்டத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். எல்லோரும் அவரை "பையா" என்றுதான் கூப்பிட்டோம். நம்மூரில் "அண்ணே" என்கிற மாதிரி.

முதலில் ஏமாற்றமாகத்தான் இருந்தது. வெள்ளை வெளேரென்று பனி இருக்கும் என்று பார்த்தால், கல்லும் மண்ணும் மூடி, கல் குவாரி மாதிரி இருக்கிறது! பையா கைத்தடியால் ஒரு கல்லைப் புரட்டினார். கீழே கறுப்புக் கலந்த பளபளப்பான பனிக்கட்டி. கல் போர்வை கனமாக இருந்தால் வெயில் உள்ளே போகாமல் பனி பாதுகாப்பாக இருக்கும். மெல்லிய தூசிப் படலமாக இருந்தால் வெயிலை இழுத்து இன்னும் சீக்கிரம் உருக்கிவிடும். நான் புத்தகத்தில் படித்திருந்த இதையே அவர் தன் பாஷையில், "கனமான கம்பளி நல்லது, கறுப்புச் சட்டை கெட்டது" என்றார்.

பனிச்சுவர் கண்ணுக்குத் தெரிந்ததும் எங்களோடு வந்த பெங்களூர்க்காரர் ஒருவர் கிட்டே போய்த் தீர்த்தம் எடுக்க வேண்டும் என்றார். பையா விடவில்லை. "ரெண்டாயிரம் கிலோமீட்டர் தாண்டி வந்திருக்கேன், இன்னும் இருநூறு மீட்டர்தானே" என்று அவர் கோபப்பட்டார். பையா பதில் பேசாமல் எல்லோரையும் பத்து நிமிஷம் வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். அந்தப் பத்து நிமிஷத்தில் மூன்று முறை சுவரிலிருந்து கற்கள் உருண்டு தண்ணீரில் விழுந்தன. அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. பெங்களூர்க்காரருக்குக் கீழே ஆற்றோரமாகத் தீர்த்தம் பிடித்துக் கொடுத்தார்.

திரும்பும்போது பள்ளத்தாக்கில் கீழே கிடந்த ஒரு பாறையைக் காட்டி, "என் தாத்தா காலத்தில் கோமுகம் அங்கே" என்றார். நான் மனசுக்குள் ஆண்டுக்கு 19 மீட்டர் என்று பெருக்கிப் பார்த்தேன். கிட்டத்தட்ட ஒத்து வந்தது! அவரிடம் வரைபடம் கிடையாது. ஆனால் மூன்று தலைமுறைக் கணக்கு அவர் தலையில் இருக்கிறது.

பள்ளிக்கூடமும் பலியும்

சுதந்திரத்துக்குப் பிறகு இந்தக் கலையைப் பள்ளிக்கூடம் வைத்துச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினார்கள். 1953-இல் டென்சிங் எவரெஸ்ட் ஏறிய மறு ஆண்டு, 1954 நவம்பரில், டார்ஜிலிங்கில் இமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனம் வந்தது. களப்பயிற்சி இயக்குநர் டென்சிங்கேதான். 1965-இல் உத்தரகாசியில் நேரு மலையேற்ற நிறுவனம் வந்தது. கயிற்றில் ஒருவரோடு ஒருவர் பிணைத்துக்கொண்டு நடப்பது, கூர்முள் பொருத்திய கிராம்பானைப் பூட்ஸில் மாட்டி நடப்பது, தடியால் பனியைக் குத்திப் பார்த்துப் பிளவைக் கண்டுபிடிப்பது, விழுந்தவரைத் தூக்குவது எல்லாம் அங்கே பாடம்.

பயிற்சி இருந்தாலும் மலை மலைதான். 2022 அக்டோபர் 4 அன்று உத்தரகாசி மாவட்டத்தில் திரௌபதி கா தண்டா சிகரத்தில் அந்த நிறுவனத்தின் பயிற்சிக் குழு பனிச்சரிவில் சிக்கி 25-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்த பயிற்சியாளர்களில் ஒருவர் சவிதா கன்ஸ்வால். அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்டையும் மகாலுவையும் ஏறி முடித்த இளம்பெண். வெளிநாட்டிலும் இதே நிலைமைதான். 2024 ஆகஸ்ட் 25 அன்று ஐஸ்லாந்தில் வழிகாட்டிகளோடு பனியாறு பார்க்கப் போன 23 பேர் குழு மீது பனிக்கட்டி இடிந்து விழுந்து ஒருவர் இறந்தார். கோடையில் அங்கே அழைத்துப் போகலாமா என்ற கேள்வி அந்த நாட்டையே உலுக்கியது.

சியாச்சினில் நம்மவர்கள்

பனியாறு தமிழனுக்குத் தூரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. 76 கிலோமீட்டர் நீளமுள்ள சியாச்சினில் 1984 ஏப்ரல் 13 முதல் நம் ராணுவம் நிற்கிறது. அதற்கு முன் 1978-இலும் 1981-இலும் கர்னல் நரேந்திர குமார் அங்கே குழுவோடு நடந்து போய் வந்ததுதான் ராணுவத்துக்கே வழிகாட்டியது. 2007 முதல் ராணுவமே பொதுமக்களைத் தேர்ந்தெடுத்து, பழக்கி, அந்தப் பனியாற்றின் மேல் அழைத்துச் சென்று காட்டியது.

2016 பிப்ரவரி 3 அன்று அங்கே 19,000 அடிக்கு மேலான காவல் சாவடி ஒன்று பனிச்சரிவில் புதைந்தது. அதில் இருந்த பத்துப் பேரில் பெரும்பாலோர் மெட்ராஸ் ரெஜிமென்ட் வீரர்கள். நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள், அவர்களில் ஒருவர் நம் பக்கத்து வேலூர் மாவட்டம். ஆறு நாள் கழித்து ஹனுமந்தப்பா என்ற கர்நாடக வீரரை உயிரோடு எடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று அவரும் போய்விட்டார். நாற்பது டிகிரி வெயிலில் வளர்ந்த பிள்ளைகள் அந்தக் குளிரில் நாட்டுக்காக நின்றார்கள் என்பதை இந்த மலரில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

எஞ்சினியர்கள் கவனத்துக்கு

நம் கல்லூரியிலிருந்து வெளியே வந்து அணை, சுரங்கம், மின்நிலையம் என்று வேலை பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூன்று தேதிகளை நினைவுபடுத்துகிறேன். 2013 ஜூனில் கேதார்நாத்துக்கு மேலே சோராபாரி ஏரி உடைந்தது. 2021 பிப்ரவரி 7 அன்று சமோலியில் பாறையும் பனியும் சரிந்து வந்து, கட்டிக்கொண்டிருந்த தபோவன் மின்திட்டத்தை அடித்துப் போனது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனார்கள். 2023 அக்டோபரில் சிக்கிமில் தெற்கு லோனக் பனியேரி உடைந்து 1,200 மெகாவாட் தீஸ்தா திட்டத்தின் அணையையே கொண்டுபோனது.

சமோலி வெள்ளம் புகுந்த ரைணி கிராமம், 1974-இல் கௌரா தேவி தலைமையில் பெண்கள் மரங்களைக் கட்டிக்கொண்டு நின்ற அதே சிப்கோ கிராமம். அந்த ஊர்க்காரர்கள் பக்கத்துத் திட்டத்தில் வெடி வைப்பதை எதிர்த்து 2019-லேயே நீதிமன்றம் போயிருந்தார்கள். வெடியால்தான் 2021 சரிவு வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. அது மேலே ரோந்தி சிகரத்திலிருந்து பெயர்ந்த பாறை. ஆனால் ஒரு திட்டம் போடுவதற்கு முன், அந்த மலையில் மூன்று தலைமுறை இருந்தவர் என்ன சொல்கிறார் என்று கேட்டு, அதை ரிப்போர்ட்டில் ஒரு பக்கமாவது எழுத வேண்டாமா? டிரெயில் காலத்தில் மலக் சிங் முன்னால் நடந்தார், பின்னால் அதிகாரி நடந்தார். நம் காலத்தில் மாற்றி நடக்கிறோம்.

குரங்கணிக்குப் பிறகு

நம் மாநிலத்திலும் பாடம் இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றம் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். சென்னை, ஈரோடு பக்கத்து இளைஞர்கள், ஐ.டி. வேலையில் இருந்தவர்கள், புதுமணத் தம்பதிகள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு அனுமதி, வழிகாட்டி, காட்டுத்தீக் காலத்தில் தடை என்று அரசு விதிமுறை வகுத்தது. 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்ற திட்டத்தில் 40 பாதைகள் திறக்கப்பட்டன. அந்தந்த வனப்பகுதியில் வாழ்கிற மக்களுக்கே பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கியிருக்கிறார்கள்.

அதில் ஒரு பாதை நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே இருக்கிறது: குடியம் குகைகள். 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்திலும் அத்திரம்பாக்கத்திலும் கற்கோடாரி கண்டெடுத்து, ஆதிமனிதன் வரலாற்றை மாற்றி எழுத வைத்த வட்டாரம் இது. அவரும் புவியியல் ஆய்வுத் துறைக்காரர்தான். நம் கல்லூரியிலிருந்து ஒரு பகல் பயண தூரம். இமயமலைக்குப் போக லீவும் பணமும் இல்லாதவர்கள் முதலில் இங்கே நடக்கலாமே!

இன்றைய மாணவர்களுக்கு நாலு வார்த்தை

பனியாறு பார்க்க ஆசைப்படுகிற தம்பி, தங்கைகளுக்கு நடைமுறை விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். 4,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் சுமார் 60 சதவீதம்தான். ஆகவே 3,000 மீட்டரைத் தாண்டியபின், இரவு தூங்குகிற இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. தலைவலி, வாந்தி வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறாதீர்கள், கீழே இறங்குங்கள். மலையில் அதிகாலையில் கிளம்பச் சொன்னால் முணுமுணுக்காதீர்கள். இரவுக் குளிரில் இறுகிய பனி காலையில் பாரம் தாங்கும். மதியம் இளகிவிடும், ஓடைகளிலும் தண்ணீர் ஏறிவிடும். வழிகாட்டி திரும்பலாம் என்றால் திரும்புங்கள். செலவு செய்த பணத்தை அந்த நேரத்தில் கணக்குப் பார்க்காதீர்கள்.

நம் புவியியல் ஆய்வுத் துறைப் பட்டியலில் இந்திய இமயத்தில் 9,575 பனியாறுகள் இருக்கின்றன. ஐ.நா. சபை 2025-ஐப் பனியாறுகளைப் பாதுகாக்கும் ஆண்டாக அறிவித்து, மார்ச் 21-ஐ அதற்கான உலக நாளாகவும் வைத்திருக்கிறது. ஐஸ்லாந்தில் உருகி இறந்துபோன ஒரு பனியாற்றுக்கு 2019-இல் நினைவுக் கல்வெட்டே வைத்துவிட்டார்கள். அந்த நிலைமை கங்கோத்ரிக்கு நம் பிள்ளைகள் காலத்தில் வராது. அது 30 கிலோமீட்டர் நீளமுள்ள பெரிய பனியாறு. சின்னப் பனியாறுகளுக்கு அந்த உத்தரவாதம் இல்லை. அவற்றின் தண்ணீரை நம்பி விவசாயம் செய்கிற கிராமங்கள் அங்கே ஏராளம்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். ஆண்டுக்கொரு முறை இப்போது படிக்கும் மாணவர்களைக் குடியம் குகைகளுக்கு அந்த ஊர் வழிகாட்டிகளோடு முறையாக அனுமதி பெற்று அழைத்துப் போகும் பொறுப்பைச் சங்கம் ஏற்க வேண்டும். முதல் ஆண்டுச் செலவில் என் பங்கைத் தரத் தயாராக இருக்கிறேன். போய் வந்து மாணவர்கள் எழுதுகிற கட்டுரை அடுத்த மலரில் வரட்டும். அதில் தாங்கள் பார்த்த இடத்தின் பெயரோடு, அனுமதி கேட்டு, தங்களை அழைத்துப் போனவரின் பெயரையும் எழுதட்டும். இருநூறு ஆண்டுகளாக விட்டுப்போன பழக்கத்தை நம் கல்லூரி மலரிலாவது தொடங்கி வைப்போம்.